ஜெபத்தில் கண் மூடாதவன்

"என்னைத் தள்ளிவிடு," என்றார் முனிராஜ்.

செங்குத்தான மாடிப்படியின் உச்சியில் நின்றுகொண்டு ஒரு மனிதர் இப்படிக் கேட்டால் யாராக இருந்தாலும் கொஞ்சம் யோசிப்பார்கள். அவருடைய உதவியாளர் சோனியா யோசிக்கவில்லை.

"நெஜமாவா சார்? எனக்கு ரொம்ப நாளா ஆசை."

"உன்னை யாரு கேட்டா? இவங்களைச் சொன்னேன்."

அவர் கை காட்டியது ரூபாவை. மார்டள்ளி கிராமத்திலிருந்து மைசூருக்கு வந்து வீடுகளில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். இருபத்தைந்து வயது இருக்கும். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. மண்டி மொஹல்லாவில், சாக்கும் கயிறும் விற்கும் கடைக்கு மேலே இருக்கிற முனிராஜின் துப்பறியும் ஆபீசுக்கு யாரும் சிரித்துக்கொண்டு வருவதில்லை என்பது வேறு விஷயம்.

"நான் தள்ளலைங்க சார்," என்றாள் ரூபா.

"தள்ளினேன்னு நான் சொல்லலை. அந்த வீட்ல படி எறங்கறப்போ எப்படி நிப்பே? அதைக் காட்டு. நான்தான் உன் பேஷண்ட் சகாயநாதன்."

சகாயநாதன், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சில மாதங்களுக்கு முன் மூளையின் இடது பக்கம் ரத்தக் குழாய் அடைத்து, வலது கையும் வலது காலும் சோர்ந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. மூளை இடதில் அடிபட்டால் உடம்பு வலதில் படுக்கும். பேச்சும் பெரும்பாலானவர்களுக்கு இடதில்தான் குடியிருக்கிறது. அவருக்கு நடைப் பயிற்சி கொடுக்க வந்தவள்தான் ரூபா. மூன்று நாளைக்கு முன் அந்தி நேரத்தில் அவர் வீட்டு மாடிப்படியிலிருந்து உருண்டு, மண்டையில் அடிபட்டு, இன்னும் கண் விழிக்காமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். ரூபா அவருக்குப் பின்னால் நின்று இரண்டு கையாலும் தள்ளியதைக் கண்ணால் பார்த்ததாக மகன் கிரிஸ் சொல்கிறான்.

ரூபா கண்ணைத் துடைத்துக்கொண்டு முனிராஜைத் தாண்டி ஒரு படி கீழே இறங்கினாள். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தபடி நின்று, அவர் இடுப்பு பெல்ட்டை ஒரு கையால் பிடித்தாள்.

"ஏர்றப்ப நல்ல கால் மொதல்லங்க. எறங்கறப்ப சோர்ந்த கால் மொதல்லங்க. நான் எப்பவும் ஒரு படி கீழதானுங்க நிப்பேன். விழுந்தா எம்மேலதான் விழோணும்."

"பின்னாடி நிக்க மாட்டியா?"

"பின்னாடி நின்னு என்னத்தைங்க பிடிக்கறது? அவரு முன்னாடியல்லோ சாய்வாரு."

முனிராஜ் தலையை ஆட்டினார். அதை வைத்து அவர் நம்பிவிட்டார் என்று நினைக்கக் கூடாது. அவர் யாரையும் நம்புகிற ஆள் இல்லை.

"ரெண்டு கையிலயும் வாட்ச் கட்டியிருக்கார் பாருங்க," என்றாள் சோனியா. "ஒண்ணு பொய் சொன்னா இன்னொண்ணு காட்டிக் குடுக்குமாம்."

"அப்ப அவர் விழுந்தப்போ நீ எங்க இருந்தே?" என்றார் முனிராஜ்.

"படி ஏறி எறங்கிப் பழகறப்ப கரண்டு போயிருச்சுங்க. ஐயாவ மாடி வராண்டால சேர்ல ஒக்கார வெச்சுப்போட்டு, எமர்ஜென்சி லைட் எடுக்கக் கீழ போனேன். தனியா உட்டுட்டுப் போனது தப்புதானுங்க, ஒத்துக்கறேன். லைட்டோட வெளிய வர்றதுக்குள்ள சத்தம். ஓடியாந்து பார்த்தா ஐயா படிக்கடியில கெடக்கறாரு. கிரிஸ் அண்ணன் பக்கத்துல குனிஞ்சு நிக்கறாரு. கேட்டுல வண்டிய நிறுத்திட்டு ஓடியாந்தேன்னாரு. ஒரு கால்ல செருப்பில்லை."

"எந்தக் கால்?"

"அதெல்லாம் பாக்கற நேரமாங்க அது?"

அந்தப் பதில் முனிராஜுக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்கிறவர்கள் எந்தக் கால் என்றும் சொல்லிவிடுவார்கள்.

"சாயங்காலம் எஸ்.ஐ. பசவராஜ் அந்த வீட்டுக்கு வர்றாருங்க," என்றாள் ரூபா. "கிரிஸ் அண்ணன் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா என்னைக் கூட்டிட்டுப் போயிருவாங்களாம். கேஸ் ஒண்ணு விழுந்துட்டா அப்புறம் எவுங்க சார் எங்கிட்ட நோயாளிய ஒப்படைப்பாங்க? எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுங்க."

முனிராஜ் இடது கை வாட்ச்சைப் பார்த்தார். பிறகு வலது கை வாட்ச்சைப் பார்த்தார். "சோனியா, வண்டியை எடு," என்றார்.

என்.ஆர். மொஹல்லாவில் சகாயநாதன் வீடு. கீழே வாத்தியாரும் அவர் மனைவி டோரதியும். மேலே தனி போர்ஷனில் கிரிஸ். மேலே போக வீட்டுக்கு வெளியே ஒரு சிமெண்ட் படி. அதன் கைப்பிடிக் கம்பியில் துவைத்த துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. படிக்கடியில் சிமெண்ட் தரையை யாரோ நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள்.

"நாங்க ரூபா பக்கத்துலேருந்து வர்றோம்," என்று முனிராஜ் நேராகவே சொன்னார்.

டோரதி அம்மா கதவைப் பாதி சாத்தியபடி அவரை மேலும் கீழும் பார்த்தார். "அந்தப் பொண்ணா அனுப்புச்சு?" என்றார். பிறகு கதவைத் திறந்துவிட்டார். "வாங்க. என் வீட்டுக்காரர் மேல யாரு கை வெச்சாங்கனு எனக்கும் தெரியணும். அவ இப்படிச் செய்வான்னு நெனைக்க முடியல. என் மகன் பொய் சொல்வான்னும் நெனைக்க முடியல. நான் என்ன செய்ய, சொல்லுங்க?"

மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கிரிஸ் படியிறங்கி வந்தான். முப்பது வயது, ஐ.டி. கம்பெனி வேலை, நல்ல உயரம். கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணைப் படியிலிருந்து எடுக்காமல் வந்தான். "யாருமா?" என்று கேட்டபோதும் தலை நிமிரவில்லை. நெற்றியில் பெரிதாக ஒரு வீக்கம்.

"முகத்தைப் பார்க்கவே பயப்படறான் பாருங்க," என்று சோனியா முனிராஜின் காதுக்குள் சொன்னாள். "இவன் நெத்தியில குற்றவாளினு எழுதி ஒட்ட வேண்டியதில்லை. ஏற்கெனவே வீங்கியிருக்கு."

முன்னறையில் உட்கார்ந்தார்கள். கிரிஸ் மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நான் கேட்ல வண்டியை நிறுத்திட்டு இருந்தேன்," என்றான். "சத்தம் கேட்டுத் திரும்பினேன். ரூபா அப்பா பின்னாடி நின்னு ரெண்டு கையாலயும் தள்ளினா."

"சத்தம் கேட்டுத் திரும்பினீங்க," என்றார் முனிராஜ். "ஆனா தள்ளினதைப் பார்த்தீங்க. தள்ளின பிறகுதானே சத்தம் வரும்?"

கிரிஸ் ஜன்னல் கம்பியை மாற்றிப் பிடித்தான். "மொதல்ல அப்பா கத்தினார்."

"அவருக்குப் பேச்சு வராதே?"

"வார்த்தைதான் வராது. சத்தம் வரும்."

பதில் சரியானதுதான். அது யோசித்து வந்த பதிலா என்பதுதான் முனிராஜுக்குத் தெரியவில்லை.

"கரண்ட் இல்லாத இருட்டுல அவ கை ரெண்டும் தெரிஞ்சுதா?"

"வானத்துல கொஞ்சம் வெளிச்சம் இருந்துச்சு. ஏன் சார், நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

"நெத்தியில என்ன?"

"வாஷ் பேசின் குழாய்."

"இது ரெண்டாவது தடவை," என்று காபியோடு வந்த டோரதி அம்மா சேர்த்துக்கொண்டார். "சோப்புப் போட்டு மொகம் கழுவறப்போ போய் முட்டிக்கிறான். மொகத்தைக் குழாய்கிட்ட கொண்டுபோறதா, குழாயை மொகத்துகிட்ட கொண்டுவர்றதா, ஒண்ணுமே தெரியல இவனுக்கு."

"அம்மா, போதும்," என்றான் கிரிஸ். குரல் உயர்ந்துவிட்டது. போன் வந்த சாக்கில் வெளியே போனான். போகும்போதும் கண் தரையில்தான்.

"பாவம், ஒத்தைச் செருப்பை அன்னையிலேருந்து தேடறான்," என்றார் டோரதி அம்மா. "விடியறதுக்குள்ள எழுந்து கேட்டாண்ட போய், செடியெல்லாம் விலக்கி விலக்கிப் பாக்கறான். நான் ஜன்னல் இடுக்கால பாத்தேன். எனக்கு வயிறு எரிஞ்சுது. அப்பா அங்க கெடக்காரு, இவனுக்குச் செருப்பு."

முனிராஜ் சோனியாவைப் பார்த்தார். சோனியா காபியை ஒரே மடக்கில் முடித்துக்கொண்டு எழுந்தாள். "ஆன்ட்டி, மாடிக் காத்து நல்லா வருமா?" என்று கேட்டவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

அவள் திரும்பி வந்தபோது முனிராஜ் வெளியே படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் கட்டைவிரல் பட்டை இல்லாத, சும்மா காலை நுழைக்கிற மாதிரியான பழுப்புச் செருப்பு. இடது கால்.

"மேல் படிக்குப் பக்கத்துல, தண்ணி டிரம்முக்குப் பின்னாடி," என்றாள் அவள். "போலீஸ்காரங்க மாடி ஏறிப் பாக்கவே இல்லை போல. முட்டி வலியோ என்னவோ. இதோட ஜோடி அவன் வாசக்கதவு பக்கத்துல கெடக்கு. சார், கேஸ் முடிஞ்சுது. பசவராஜ் சாருக்குப் போன் போடட்டுமா?"

"சொல்லு, கேப்போம்."

"கேட்ல இருந்தேன்னு சொன்னான். செருப்பு மேல இருக்கு. அப்ப மேலதான் இருந்திருக்கான். நெத்தியில வீக்கம். ஒரு கை விழுந்தாலும் வாத்தியாருக்கு இன்னொரு கை நல்லாத்தானே இருக்கு? ஒண்ணு வெச்சிருக்கார். யார் மொகத்தையும் பார்க்க மாட்டேங்கிறான். ரூபா மேல பழி. இதுக்கு மேல அவனே வந்து கையை நீட்டினாத்தான் நம்புவீங்களா?"

"எல்லாம் சரியா இருக்கு," என்றார் முனிராஜ். அவர் குரலில் சந்தோஷம் இல்லை. எல்லாம் சரியாக இருந்தால் அவருக்குச் சந்தேகம் இரண்டு மடங்காகும். "மேல செருப்பை விட்டவன் கீழ எதுக்குத் தேடறான்?"

"நாடகம்."

"யாருக்கு? அம்மா ஜன்னல் இடுக்குல நிக்கிறது அவனுக்குத் தெரியாது. ஆள் பார்க்காத நேரத்துல எவனாவது நாடகம் போடுவானா? அப்பாவைத் தள்ளினவனா இருந்தா முதல் வேலையா மேல போய் செருப்பை எடுத்து ஒளிச்சிருப்பான். தினமும் அந்த டிரம்மைத் தாண்டித்தான் அவன் வீட்டுக்குப் போறான்."

சோனியா பைக்குள் இருந்த செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"செருப்பு எங்க கழண்டுதுனு அவனுக்கே தெரியல," என்றார் முனிராஜ். "சிமெண்ட் படி, வெறும் கால். இத்தனை படி இறங்கியிருக்கான். தெரியலைன்னா என்ன அர்த்தம்?"

அவர் தன் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, வெயிலில் காய்ந்த சிமெண்டில் காலை வைத்தார். சுட்டது. உடனே எடுத்துக்கொண்டார். பிறகு உள்ளே போனார்.

"அம்மா, அப்பாவுக்கும் மகனுக்கும் என்ன சண்டை?"

டோரதி அம்மாவின் முகம் மாறிவிட்டது. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நீங்க இப்ப சொல்லப்போறீங்க."

டோரதி அம்மா மேசை மேல் இருந்த பைபிளின் ஓரத்தைச் சரி செய்தார். "தெருவுக்கே தெரியும். எதுக்கு மறைக்கணும்? எங்க வீட்ல தினமும் சாயங்காலம் ஜெபம். எல்லாரும் காலைச் சேத்து நிப்போம், கண்ணை மூடுவோம். எங்க மாமனார் காலத்துப் பழக்கம். போன வருஷத்துலேருந்து இவன் கண்ணை மூட மாட்டேன்னுட்டான். செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு கண்ணைத் திறந்துட்டே நிப்பான். அவர் கேட்டா கத்துவான். அப்புறம் ஜெபத்துக்கே வர்றதை நிறுத்திட்டான். கர்த்தருக்கு முன்னாடி கண்ணை மூடாத பிள்ளை எனக்குப் பிள்ளையில்லைனு அவர் வாசல்ல நின்னு சொல்லிட்டார். அதுக்கப்புறம்தான் ஸ்ட்ரோக். இவன் பக்கத்துல வந்தாலே மூஞ்சியைத் திருப்பிக்குவார்."

வாசல்படியில் நின்றிருந்த சோனியா முனிராஜைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினாள். காரணமும் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். முனிராஜ் அந்த விரலைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் வழியே கிரிஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் முற்றத்தில் போன் பேசியபடி நடந்துகொண்டிருந்தான். தரையைப் பார்த்து, காலைக் கொஞ்சம் அகட்டி, ஒவ்வொரு அடியையும் ஓங்கி ஊன்றி நடந்தான்.

"சோனியா, இங்க வா," என்று அவளைத் தனியே இழுத்தார். "இன்னும் கொஞ்ச நேரத்துல இங்க ஜெபம் நடக்கும். கிரிஸுக்குப் பின்னாடி ஒரு கை தூரத்துல நில்லு. நீ கண்ணை மூடாதே."

"ஓடப் பார்த்தா பிடிக்கணுமா?"

"பிடிக்கணும். ரெண்டு கையாலயும்."

சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே பசவராஜ் வந்துவிட்டார். கன்னடக்காரர். மைசூர்த் தமிழர்களோடு பழகிப் பழகித் தமிழையும் ஒரு வழி பண்ணி வைத்திருப்பவர்.

"ஏன்ரீ முனிராஜ், நீங்க இல்லி, இந்த வீட்லயா?" என்றார். "நர்ஸம்மா பக்கமா? பேடா சார், வேணாம். சாட்சி இருக்கு, கேஸ் நேரா இருக்கு. பையா, எழுதி வெச்சிருக்கேன், படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடு."

பேனா கிரிஸின் கைக்குப் போனது.

"ஒரு நிமிஷம் சார்," என்றார் முனிராஜ். "ஐயா ஆஸ்பத்திரியில கெடக்கறார். கையெழுத்துக்கு முன்னாடி அவருக்காக அம்மா ஒரு ஜெபம் பண்ணட்டும். நாமளும் நிப்போம்."

"அதெல்லாம் இப்ப வேணாம்," என்று கிரிஸ் உடனே சொன்னான்.

"அப்பாவுக்காகக்கூடவா வேணாம்?"

அந்தக் கேள்வி கொடுமையானது. முனிராஜுக்கும் அது தெரியும். டோரதி அம்மா மகனைப் பார்த்த பார்வையில் அவன் பேனாவை வைத்துவிட்டு எழுந்தான். சுவர்ப் பக்கம் போகப் பார்த்தான். அங்கே முனிராஜ் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். ஜன்னல் பக்கம் பசவராஜ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். நாற்காலிகளை யாரோ ஓரமாகத் தள்ளிவிட்டிருந்தார்கள். கிரிஸ் அறையின் நடுவில் நின்றான். அவனுக்குப் பின்னால் சோனியா.

"காலைச் சேத்து நில்லுப்பா," என்றார் டோரதி அம்மா. ஜெபம் ஆரம்பமானது.

டோரதி அம்மா ஜெபம் சுருக்கமானது இல்லை. தெருவில் உள்ள நோயாளிகளில் தொடங்கி, பரீட்சை எழுதும் பிள்ளைகள் வழியாக, கோவிட்டில் போன தங்கச்சி வரைக்கும் வந்தார். கிரிஸ் கண்ணைத் திறந்துகொண்டு தன் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். சோனியா அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முனிராஜ் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆண்டவரே, என் வீட்டுக்காரர் ஒரு தடவை கண்ணு முழிக்கட்டும்," என்றார் டோரதி அம்மா. குரல் உடைந்தது. "முழிச்சு இந்தப் பிள்ளையை ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடட்டும்."

கிரிஸின் உதடு துடித்தது. கண்ணில் நீர் முட்டியது. அவனை அறியாமலே அவன் கண்ணை மூடினான்.

முதலில் கொஞ்சம் முன்னால் சாய்ந்தான். பிறகு பின்னால். கால் இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன, மேல் உடம்பு மட்டும் வட்டம் போட்டது. அடுத்த கணம் அவ்வளவு உயரமும் மரம் சாய்கிற மாதிரி சோனியா மேல் சாய்ந்தது.

"பிடிச்சுட்டேன் சார்!" என்று கத்தினாள் அவள். "ஆனா இவன் ஓடல. விழறான்!"

"ஏனாய்த்து, என்னாச்சு? பி.பி.யா?" என்று பசவராஜ் ஓடிவந்தார்.

"பி.பி. இல்ல. கிரிஸ், கண்ணைத் திறங்க. நில்லுங்க." நின்றான். "மூடுங்க." சோனியா கையை நீட்டினாள், அவன் மறுபடியும் ஆடினான். "திறங்க. போதும்."

டோரதி அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"மனுஷன் கீழ விழாம நிக்கறதுக்கு மூளைகிட்ட மூணு பேர் சாட்சி சொல்லணும்," என்றார் முனிராஜ். "ஒண்ணு கண்ணு. ரெண்டு, காதுக்குள்ள இருக்கற சின்ன உறுப்பு. மூணாவது காலு. பாதம் எங்க இருக்கு, எப்படி மடங்கியிருக்குனு கால் நரம்பு முதுகுத்தண்டு வழியா மேல சொல்லிட்டே இருக்கும். மூணுல ரெண்டு பேர் சொன்னாப் போதும், மூளை நம்பிடும். இவருக்குக் கால் சாட்சி சொல்றதை நிறுத்திடுச்சு. கண்ணு இருக்கற வரைக்கும் சமாளிக்கிறார். கண்ணை மூடினா மிச்சம் ஒரே சாட்சி. விழுந்துடறார். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நான் போலி நோயாளிகளைப் பிடிச்சுட்டு இருந்தப்போ ஒரு நரம்பு டாக்டர் காட்டிக் குடுத்த வித்தை இது. போலியைப் பிடிக்கத்தான் கத்துக்கிட்டேன்."

"அப்ப அந்தத் தரையைப் பார்க்கிற பார்வை?" என்றாள் சோனியா.

"கண்ணால பாத்தாத்தான் கால் எங்க இருக்குனே தெரியும். சோப்புப் போட்டா கண்ணை மூடணும். மூடினா குழாய்ல முட்டுவார். செருப்பு கழண்டாலும் தெரியாது, சிமெண்ட் சுட்டாலும் தெரியாது. ஜெபத்துல…" முனிராஜ் டோரதி அம்மா பக்கம் திரும்பினார். "அவர் விசுவாசத்தை விடலைம்மா. கண்ணை மூடினா உங்க முன்னாடி விழுந்துடுவோமேனு மூடல."

டோரதி அம்மா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா," என்றார். "உங்கப்பா அதுக்குத்தானேடா உன்னை வேண்டாம்னு சொன்னாரு. ஒரே ஒரு வார்த்தை."

"என்னனும்மா சொல்றது?" கிரிஸ் இப்போது குழந்தை மாதிரி அழுதான். "மொதல்ல கால்ல லேசா எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு. நரம்பு வீக்குனு நெனைச்சேன். நரம்புத் தளர்ச்சினு வெளிய சொன்னா ஊர் என்ன பேசும்? எனக்கு நிச்சயம் பண்ணின நிக்கோல் வீட்ல கல்யாணத்தையே நிறுத்திடுவாங்க. ஆன்லைன்ல நரம்புக்கு மாத்திரை வாங்கினேன். கால் இன்னும் மரத்துச்சு. மாத்திரையை ஏத்தினேன். இப்ப தினம் ஆறு."

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தான். முனிராஜ் வாங்கி, லேபிளைக் கண்ணருகே வைத்துப் படித்தார்.

"பி6," என்றார். "அளவா இருந்தா நரம்புக்கு நல்லது. இந்த அளவுல மாசக்கணக்கா முழுங்கினா, உணர்ச்சியைக் கொண்டுபோற நரம்பையே தின்னுடும். இதுதான் காரணமானு டாக்டர்தான் சொல்லணும். முதல்ல இதை நிறுத்து. நிறுத்தினா நிறையப் பேருக்கு மெல்ல மெல்லத் திரும்புதுன்னு கேட்டிருக்கேன்."

"நோய்க்கு மருந்து சாப்பிடுவாங்க," என்று சோனியா முணுமுணுத்தாள். "இவன் மருந்தைச் சாப்பிட்டு நோயை வாங்கியிருக்கான்." ஆனால் அவள் குரலில் கிண்டல் பாதிதான் இருந்தது.

"அன்னைக்கு மேலதானே இருந்தே?" என்றார் முனிராஜ்.

கிரிஸ் தலையசைத்தான். "கரண்ட் போச்சு. கீழ போகலாம்னு கதவைத் திறந்தேன். ஒண்ணுமே தெரியல. அப்பா சேர்லேருந்து எழுந்து கம்பியைப் பிடிச்சுட்டு நின்னுட்டு இருந்திருக்கார். நான் காலை எங்க வெச்சேன்னே தெரியல. அப்படியே சாஞ்சேன். என் கை ரெண்டும் அவர் முதுகுல போய் மோதுச்சு. நான் கம்பியைப் பிடிச்சுட்டேன். அவரு…" கிரிஸ் முனிராஜின் கையைப் பிடித்துக்கொண்டான். "சார், நெஜத்தைச் சொல்லுங்க. நான் தள்ளலைதானே? மூணு நாளா தூக்கமில்லை. அவர் மேல கோவம் இருந்துச்சு. நான்தான் தள்ளிட்டேனோனு எனக்கே சந்தேகம்."

"தள்ளல," என்றார் முனிராஜ். "விழுந்தே."

கிரிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். எவ்வளவோ பெரிய பாரம் இறங்கிவிட்ட மாதிரி மூச்சு விட்டான். பசவராஜ் பக்கம் திரும்பினான்.

"கேட்டீங்கல்ல சார்? எல்லாம் இந்த நரம்புக் கோளாறுதான். நான் ஒண்ணும் செய்யல. அப்படியே எழுதிக்குங்க. அந்தப் பேப்பர் வேணாம், அதை விட்டுடலாம். எல்லாமே நோய்தான் சார்."

முனிராஜ் அவன் கையை மெதுவாக விலக்கினார்.

"விழுந்தது உன் கால். அதை நான் எந்தக் கோர்ட்ல வேணும்னாலும் சொல்றேன். ரெண்டு கையால அந்தப் பொண்ணு தள்ளினானு சொன்னது நாக்கு. அந்த நாக்குக்குப் போற நரம்பு ஒண்ணும் கெடலை, தம்பி."

கிரிஸ் அம்மாவைப் பார்த்தான். டோரதி அம்மா எழுந்து மேசையில் இருந்த தன் போனை எடுத்து ரூபாவின் நம்பரை அழுத்தினார். ஸ்பீக்கரில் போட்டு மகன் கையில் கொடுத்தார். மணி அடிக்கத் தொடங்கிய உடனே மறுபக்கம் எடுத்துவிட்டார்கள். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் போல.

"அம்மா," என்றது ரூபாவின் குரல். "ஐயா கண்ணு முழிச்சுட்டாருங்களா?"

கிரிஸ் போனை வாய்க்கு அருகே கொண்டுபோனான்.

"அம்மா? அம்மா, ஐயாவுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?"

"ரூபா, நான் கிரிஸ்." குரல் கம்மியது. "நீ தள்ளலை. எனக்கு அப்பவே தெரியும்."

பசவராஜ் பழைய தாளைக் கிழித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். புதுத் தாளை மேசை மேல் விரித்துப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"இன்னும் கொஞ்சம் ஜோரா, சத்தமா சொல்லுப்பா," என்றார். "எழுதிக்கிறேன்."